வெளிநாட்டு ஃபெல்லோஷிப்: இளம் ஓவியர்கள் கேட்கிறார்கள்

கே: கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஃபெல்லோஷிப், ரெசிடென்சி இரண்டும் ஒன்றுதானா? எங்கே தேடுவது? – கும்பகோணம் வாசகர்

ப: ரெசிடென்சி என்பது ஓர் இடத்தில் தங்கி வேலை செய்வது. அறையும் ஸ்டுடியோவும் கிடைக்கும். பணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஃபெல்லோஷிப்பில் பணம்தான் முதல் விஷயம். ஆனால் நடைமுறையில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அதனால் அறிவிப்பைப் படிக்கும்போது நாலு விஷயத்தைத் தேடுங்கள்: விமான டிக்கெட், தங்குமிடம், மாதச் செலவு, பொருட்செலவு. ஒவ்வொன்றையும் யார் தருகிறார்கள்? "முழு நிதியுதவி" என்று தலைப்பில் இருக்கும். உள்ளே போனால் டிக்கெட் உங்கள் தலையில் இருக்கும்.

'எர்லி கரியர்' (தொழிலின் தொடக்க நிலையில் இருப்பவர்) என்றால் வயது என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். பல இடங்களில் படிப்பு முடிந்து எத்தனை வருடம் என்றுதான் பார்க்கிறார்கள். வயது வரம்பு வைப்பவர்களும் உண்டு.

இந்தியர்கள் முதலில் பார்க்க வேண்டியவை: பிரிட்டனுக்குப் போக சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட்; அமெரிக்காவுக்கு 1963இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏசியன் கல்ச்சுரல் கவுன்சில்; சுவிட்சர்லாந்துக்கு அந்நாட்டின் கலை மன்றமான புரோ ஹெல்வேஷியாவின் டெல்லி அலுவலகம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி இரண்டு வருட ரெசிடென்சி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் ஷ்லோஸ் சாலிட்யூட் அகாடமி பல துறைக்காரர்களையும் எடுக்கும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் பெர்லின் கலைஞர் திட்டத்துக்கு விண்ணப்பப் படிவத்தைத் தேடி அலைபவர்கள் பலர். காண்கலைப் பிரிவில் நடுவர் குழுவே ஆளைத் தேர்ந்தெடுத்து அழைக்கும், நாமாக விண்ணப்பிக்க முடியாது. அறிவிப்புகளைத் தேட டிரான்ஸ் ஆர்டிஸ்ட்ஸ், ரெஸ் ஆர்ட்டிஸ், ஆன் த மூவ் ஆகிய மூன்று தளங்கள் போதும். வெளியே போகுமுன் 1997இல் தொடங்கிய டெல்லியின் கோஜ் கலைஞர் அமைப்பு போன்ற உள்நாட்டு இடத்தில் ஒரு முறை தங்கி வேலை செய்துவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பு.

கே: "தேர்வாகிவிட்டீர்கள், இரண்டு வாரத்துக்கு 1,800 யூரோ கட்டுங்கள்" என்று மெயில் வந்திருக்கிறது. போகலாமா? – மதுரை வாசகர்

ப: வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் என்று சின்னத் தொகை வாங்குவது வழக்கம்தான். நல்ல நிறுவனங்களும் வாங்குகின்றன. தேர்வான பிறகு பெரிய தொகை கேட்டால் அது வாடகைக்கு விடும் வீடு, அவ்வளவுதான். ஏமாற்று என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சில இடங்களில் உண்மையிலேயே ஸ்டுடியோ இருக்கும். ஆனால் அதை சி.வி.யில் போட்டால், பணம் கட்டிப் போனது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

கே: பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டும் முதல் சுற்றிலேயே போய்விடுகிறது. என் படங்கள் மோசமில்லை. எங்கே தவறு? – சென்னை வாசகர்

ப: பெரும்பாலும் தவறு ஓவியத்தில் இல்லை, ஓவியத்தை எடுத்த போட்டோவில். முதல் சுற்றில் நடுவர்கள் நூற்றுக்கணக்கான போர்ட்ஃபோலியோக்களைப் புரட்டுகிறார்கள். எழுத்தைப் படிப்பது பிறகுதான்.

செல்போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் கேன்வாஸின் ஓரங்கள் வெளிப்பக்கம் வளையும். மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கேமரா இருந்தால் 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, டிரைபாட். லென்ஸின் உயரம் படத்தின் நடுமையத்துக்கு நேராக இருக்க வேண்டும். கேன்வாஸ் சுவரில் சற்றே முன்சாய்ந்திருந்தால் கேமராவும் அதே அளவு சாய வேண்டும். இல்லையென்றால் சதுரம் சரிவகமாகிவிடும். வெயில் நேரடியாகப் படாத, மேகமூட்டமான காலை வெளிச்சம் நல்லது. ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் பச்சையாகவும் மறு பக்கம் நீலமாகவும் வரும். பிறகு எந்த ஆப்பாலும் முழுதாகச் சரியாகாது. எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு அடித்தால் இரண்டு விளக்கை இரு பக்கமும் 45 பாகையில் வையுங்கள்.

பத்துப் படம் கேட்டால் பத்துதான். அதில் ஒரே தொடரிலிருந்து ஏழு இருக்கட்டும். பூ, விநாயகர், நிர்வாணம், அரூபம் என்று வகைக்கு ஒன்று வைத்தால் "எல்லாம் வரும்" என்று காட்டுகிறோம் என்று நினைக்கிறோம். நடுவர்களுக்கோ இவர் இன்னும் எதையும் பிடிக்கவில்லை என்று படுகிறது. முதல் படமும் கடைசிப் படமும் உங்களின் பலமானவை. ஒரு படமாவது சுவரில் மாட்டிய நிலையில், பக்கத்தில் நாற்காலியோ கதவோ தெரிய இருந்தால் அளவு புரியும். குறிப்பில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு (உயரம் முதலில், அகலம் பிறகு, செ.மீ.யில்). கோப்பின் பெயர் 'ஃபைனல் ஃபைனல் 2' என்று இருக்கக் கூடாது. பெயர், எண், தலைப்பு, ஆண்டு.

கே: ஸ்டேட்மென்ட் (என் ஓவியத்தைப் பற்றிய குறிப்பு) எழுத வரவில்லை. ஆங்கிலமும் சுமார். – சேலம் வாசகர்

ப: ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. "என் ஓவியங்கள் மனித வாழ்வின் வலியைப் பிரதிபலிக்கின்றன" என்ற வரியை எந்த மொழியில் எழுதினாலும் அது யாருடைய ஓவியத்துக்கும் பொருந்தும். இப்படி மாற்றிப் பாருங்கள்: "தறி நின்றுபோன வீடுகளில் மூடிக்கிடக்கும் தறிக்குழியைத் திறந்து, கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல் அதன் தரையைத் துணியில் படியெடுக்கிறேன். இதுவரை ஒன்பது குழிகள்." என்ன செய்கிறீர்கள், எதைக் கொண்டு, எங்கே, எத்தனை என்பது வந்துவிட்டது. முதலில் தமிழில் 150 சொல்லில் எழுதி, பிறகு தெரிந்தவரிடம் மொழிபெயர்க்கக் கொடுங்கள்.

திட்ட முன்மொழிவில் "ஏன் இங்கே" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் அச்சுப் பட்டறையோ சுடுமண் சூளையோ இருந்தால் அதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவருக்கு ஆறு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் அவருக்கே நேரடியாக லிங்க் போகும், அது ஸ்பாமில் விழுந்து கிடக்கும். கெடு நேரத்தையும் கவனியுங்கள்: குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 4.29. அந்த நேரத்தில் தளம் திணறும். ஒரு நாள் முன்பே அனுப்புங்கள்.

கே: ஜெர்மனியில் நான்கு மாத ரெசிடென்சி கிடைத்திருக்கிறது. ஷெங்கன் விசா போதுமா? – யாழ்ப்பாணம் வாசகர்

ப: போதாது. ஷெங்கன் குறுகியகால விசா 180 நாளில் 90 நாள் வரைதான். அதற்கு மேல் தங்க ஜெர்மனியின் நீண்டகால தேசிய விசா வேண்டும். அப்பாயின்ட்மென்ட்டுக்கே காத்திருக்க நேரிடும், கடிதம் வந்த வாரமே தொடங்குங்கள். அழைப்புக் கடிதத்தில் தேதிகள், தங்கும் முகவரி, மாதத் தொகை, செலவை யார் ஏற்கிறார்கள் ஆகியவை இருக்க வேண்டும். "வருகையை எதிர்பார்க்கிறோம்" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள், தயங்காமல் மாற்றித் தருவார்கள். சம்பளச் சீட்டு இல்லாத ஓவியருக்கு வங்கிக் கணக்கு அறிக்கை முக்கியம். நேர்காணலுக்கு முந்திய வாரம் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்திருந்தால் அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கே: நான் மாமல்லபுரத்தில் கல் சிற்பம் செய்கிறேன். சின்னச் சிற்பம் ஒன்றையும் சில கேன்வாஸ்களையும் கையோடு கொண்டுபோகலாமா? – சிற்பி ஒருவர்

ப: கேன்வாஸை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி 15 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள குழாயில் சுற்றுங்கள். வண்ணம் உள்பக்கம் போனால் நசுங்கி வெடிக்கும். டர்பன்டைனும் தின்னரும் விமானத்தில் ஏறாது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சிற்பத்தில்தான் சிக்கல். நூறு வருடத்துக்கு மேற்பட்டது தொல்பொருள், அதை நாம் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். நேற்று செதுக்கிய நடராஜரும் சுங்க அதிகாரி கண்ணுக்குப் பழசாகத் தெரியலாம். தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கி, செதுக்கும்போது எடுத்த போட்டோக்களையும் கல் வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள். காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவதாக இருந்தால் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது; ஒரு வருடம் செல்லும், அங்கே சுங்கவரி கட்ட வேண்டாம். அதில் பட்டியலிட்ட பொருளை அங்கே விற்றுவிடக் கூடாது, விற்றால் வரி உங்கள் கணக்கில் வந்து விழும்.