மின்னூலுக்கு என்ன விலை வைப்பது?

கே: அண்ணாச்சி, தாமிரபரணிப் படித்துறைகள், கல்மண்டபங்கள் பற்றி 60 படங்களோடு அமேசானின் கிண்டில் கடைக்கு ஒரு மின்னூல் தயார் செய்திருக்கிறேன். கோப்பு 12 எம்.பி. விலை 99 ரூபாய், ராயல்டி 70 சதவீதம் என்று போட்டால் 69 ரூபாயாவது வர வேண்டாமா? திரையில் 10.50 என்று காட்டுகிறது. எங்கே பிசகு?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ப: படங்களில்தான். 70 சதவீதத் திட்டத்தில், புத்தகத்தை வாசகரின் கருவிக்கு அனுப்பும் கூலியை முதலில் கழித்துக்கொள்வார்கள். இந்தியக் கடைக்கு எம்.பி.க்கு 7 ரூபாய். உங்கள் 12 எம்.பி.க்கு 84 போய்விட்டது. மிச்சம் 15 ரூபாயில்தான் உங்களுக்கு 70 சதவீதம். 35 சதவீதத் திட்டத்தில் இந்தக் கூலி கிடையாது, அதே 99-க்கு 34.65 வரும். எது லாபம் என்று பார்க்க எம்.பி.யை 14-ஆல் பெருக்குங்கள். விலை அந்தத் தொகையைத் தாண்டினால்தான் 70 சதவீதத் திட்டம் கட்டுப்படியாகும். உங்கள் புத்தகத்துக்கு அது 168.

அதற்காக உடனே 35-க்குத் தாவ வேண்டாம், படங்களை இளைக்க வையுங்கள். கேமரா படத்தை அப்படியே வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்துச் சுருக்கினால் பார்வைக்குத்தான் சிறுக்கும். எடை அப்படியே இருக்கும். படம் திருத்தும் செயலியில் அகலத்தைக் குறைத்து, ஜேபெக்காகச் சேமித்து, அதற்குப் பிறகு புத்தகத்தில் சேருங்கள். 4 எம்.பி.க்கு வந்தால் கூலி 28 போக உங்களுக்கு 49.70. கணினியில் தெரியும் அளவை நம்பாதீர்கள். பதிவேற்றிய பிறகு விலைப் பக்கத்தில் காட்டும் அளவுதான் கணக்கு.

இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி செலக்டில் சேர்ந்தாக வேண்டும். கேடிபி என்பது அமேசானில் நாமே மின்னூல் வெளியிடும் தளம், செலக்ட் என்பது அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொள்ளும் திட்டம். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஆசையாகப் போட்ட பிடிஎஃப்பும் இதில் அடக்கம்.

கே: 120 ரூபாய்க்கு அச்சில் வந்த என் சிறுகதைத் தொகுப்பு, 120 பக்கம். மின்னூலுக்கும் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வைக்கலாமா? 49 போதும் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

ப: பத்தமடையில் நீள அகலத்தை மட்டும் பார்த்தா பாய்க்கு விலை சொல்கிறார்கள்? பக்கக் கணக்கை விடுங்கள். 70 சதவீதம் பெற, மின்னூல் விலை அச்சு விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். ஆக உங்கள் உச்சவரம்பு 96.

49-க்கு வைத்தால், 1 எம்.பி. கோப்பில் கைக்கு 29.40. 89 வைத்தால் 57.40. 49 வைப்பவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரதி விற்றால்தான் சமம். கதைத் தொகுப்புக்கு அது நடக்காது என்பது என் எண்ணம். 49 பொருந்துவது தொடர் நாவலின் முதல் பாகத்துக்கு. செலக்டில் சேர்ந்த புத்தகம் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்திலும் இருக்கும். அதன் சந்தாதாரர் புத்தகத்துக்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை, படித்த பக்கத்துக்குத்தான் உங்களுக்குப் பணம். அங்கே விலையைக் குறைத்து ஆவது ஒன்றுமில்லை. அறிமுகம்தான் நோக்கம் என்றால், செலக்டில் 90 நாளுக்கு 5 நாள் இலவசமாகத் தரலாம். அதைப் பயன்படுத்துங்கள். 89 வையுங்கள்.

அமெரிக்க விலையைத் தனியாகப் போட மறக்காதீர்கள். 89 ரூபாயை டாலராக மாற்றினால் வருவது 2.99-க்குக் கீழே, அங்கே 70 சதவீதம் 2.99-லிருந்துதான் தொடங்குகிறது. ரூபாய் விலையைத் தானாகக் கணக்கிட விட்டாலும் ஆபத்துதான்: டாலர் 2.99 என்று போட்டால் இங்கே 200-ஐத் தாண்டிவிடும்.

கே: காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல் ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அதற்கும் 70 கிடைக்குமா?
– வாசகர், வள்ளியூர்

ப: கிடைக்காது, 35 மட்டுமே. அதே நூல் ஏற்கெனவே இலவசமாகக் கிண்டில் கடையில் இருந்தால் வெறும் மறுதட்டச்சை ஏற்கவும் மாட்டார்கள். உங்கள் குறிப்புரையோ, மொழிபெயர்ப்போ, குறைந்தது 10 புதிய ஓவியங்களோ சேர்த்தால் ஏற்பார்கள். சதவீதம் அப்போதும் 35-தான்.