ஜனாதிபதிக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லையா?

தங்கச்சி, பருத்தித்துறைப் பக்கம் கிணறுகள் உவராகுது, காலநிலை மாற்றத்தைத் தடுங்கோ எண்டு ஜனாதிபதிக்கு மூண்டு தரம் எழுதியும் பதில் இல்லை எண்டிருக்கிறியள். கோரிக்கை இவ்வளவு அகலமெண்டால் எந்த மேசைக்கு அனுப்பிறதெண்டே அங்கை தெரியாது.

ஒரு பக்கம், ஒரு கேள்வி. “எங்கட பிரிவில் கிணற்று நீரின் மின்கடத்துதிறன் கடைசியாக எப்ப அளக்கப்பட்டது, பெறுபேறு என்ன?” இதை முதல் பந்தியிலேயே கேளுங்கோ. மின்கடத்துதிறன் கூடினால் தண்ணியில உப்புக் கூட எண்டு அர்த்தம்.

காரணம் எழுதேக்கை கவனம். எங்கட சுண்ணக்கல்லுக்குள்ள நன்னீர் உவர்நீருக்கு மேல மிதக்குது; மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சாலும் உவர் மேலே ஏறும். காலநிலை மாற்றத்தால கடல்மட்டம் உயருறது மட்டுந்தான் காரணம் எண்டு எழுதினால், விசயம் தெரிஞ்ச அதிகாரி அந்த ஒரு வரியைப் பிடிச்சே முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்.

நிலத்தடி நீர் நீர்வள சபையின்ர விசயம். அங்கை அனுப்பி, பிரதேச செயலாளருக்குப் பிரதி போடுங்கோ. தமிழிலேயே எழுதலாம், அதுவும் அரச கரும மொழிதானே. பதிவுத் தபாலில போட்டு, பற்றுச்சீட்டைப் பிரதியோட சேர்த்து வையுங்கோ.

ஒரு மாதமாகியும் அசைவில்லையெண்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை அந்தச் சபையின்ர தகவல் அலுவலரிட்டைக் கேட்கலாம். ஏன் கேட்கிறியள் எண்டு சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள அவர் முடிவெடுக்கவேணும். “ஏன் நடவடிக்கை எடுக்கேல்லை” எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ; அவையிட்டை இருக்கிற ஆவணந்தான் கிடைக்கும், விளக்கமில்லை.