ஆப்புக்குள் வைத்த ஹெச்டிஎம்எல் பக்கத்தில் படங்கள் ஏன் வருவதில்லை?
ஃபிளட்டர் என்ற ஆப் உருவாக்கும் கருவியில் செய்த ஆப்புக்குள்ளேயே ஹெச்டிஎம்எல் ஃபைலை வைத்து வெப்வியூவில் காட்டினால், பல நேரம் எழுத்து மட்டும் வரும், படமும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் வராது. வெப்வியூ என்பது ஆப்புக்குள் உட்கார்ந்திருக்கும், முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர், அவ்வளவுதான். பக்கத்தின் எழுத்தை மட்டும் படித்து அதனிடம் கொடுத்தால், அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்றே அதற்குத் தெரியாது, அப்புறம் பக்கத்தில் எழுதியிருக்கும் படத்தை எங்கே போய்த் தேடும்? கட்டடத்தைச் சொல்லாமல் "மாடியில் மூன்றாவது கதவு" என்று வழி சொன்ன மாதிரி. எனவே லோட்ஃபிளட்டர்அசெட் (loadFlutterAsset) என்ற கட்டளை மூலம் ஃபைலின் பாதையையே கொடுங்கள். சரி, அப்படியும் வரவில்லையா? ஆப்புக்குள் எந்தெந்த ஃபைல்கள் சேர வேண்டும் என்று எழுதும் பப்ஸ்பெக் (pubspec.yaml) ஃபைலைப் பாருங்கள், அங்கே மேல் ஃபோல்டரை மட்டும் எழுதினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தானாகச் சேராது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வெப்வியூ என்றாலே இணையம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா ஃபைலும் ஆப்புக்குள் இருந்தால் ஏரோபிளேன் மோடிலும் பக்கம் திறக்கும்.