மச்சானின் ஃபோனும் மதர்போர்டு விலையும்

கேள்வி: திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வருமானம் சராசரியாக மாதம் 32,000 ரூபாய். முகூர்த்த மாதங்களில் கூடும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இராது. வீட்டுச் செலவு 22,000. என் கம்ப்யூட்டர் 2019-இல் அசெம்பிள் செய்தது: இரண்டு ரேம் ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 பிராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. இப்போது ஒரு ஸ்லாட் வேலை செய்யவில்லை. 16 ஜிபியில் டைம்லைன் திணறுகிறது. "பழைய போர்டுக்கு இனிக் காசு போடாதீர்கள், ரேம் விலை தினம் ஏறுகிறது, இப்போதே ஏஎம்5 என்ற புது வகை போர்டுக்கு மாறிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். போர்டு 18,000, பிராசசர் 30,000, 32 ஜிபி டிடிஆர்5 ரேம் 36,000, ஆக 84,000. பழைய போர்டையும் ரேமையும் 4,000-க்கு எடுத்துக்கொள்வாராம். கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ போடலாம் என்கிறார். கார்டில் ஏற்கெனவே 76,000 பாக்கி. அதில் 52,000 அக்கா வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்த ஃபோன், போனஸ் வந்ததும் தருவதாகச் சொன்னார். ஆறு மாதமாக, பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூ தவறாமல் கட்டி வருகிறேன். மச்சான் இப்போது மகனுக்கு லேப்டாப்பும் அதே கார்டில் கேட்கிறார். நானும் அம்மாவும் சேர்ந்து போட்ட எஃப்டி ஒரு லட்சம், 7 சதவீத வட்டியில் இருக்கிறது. அதைத் தொடுவதில்லை. விலை இன்னும் ஏறும் முன் வாங்கிவிடவா? 18,000 போர்டு போதுமா, 24,000 போர்டு எடுக்கவா?

பதில்: போர்டைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது ஒரே வரி: "மினிமம் டியூ தவறாமல் கட்டி வருகிறேன்." அதை ஒரு நல்ல பழக்கம்போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து வட்டி வரியைப் பாருங்கள். வங்கிக்கு வங்கி சற்று மாறும். மாதம் 3.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 76,000-க்கு வட்டி சுமார் 2,740. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 490. மொத்தம் 3,230 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்றால் 3,800. ஆக, அசலில் கழிவது மாதம் 570 ரூபாய். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 23,000 கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்தது மூவாயிரத்து ஐந்நூறோ என்னவோ. இன்னொன்றும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாற்பத்தைந்து, ஐம்பது நாள் என்பதெல்லாம் முழுப் பில்லையும் கட்டுகிறவர்களுக்குத்தான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். ரேம் விலை ஏறுகிறது என்பது பொய்யில்லை. உலகத்து மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கும் மெமரியில் லாபம் அதிகம் என்பதால் மூவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. சரி, உங்கள் 36,000 ரூபாய் ரேம் இன்னும் 20 சதவீதம் ஏறட்டும். 7,200 ரூபாய் கூடும். கார்டு பாக்கியை இப்படியே ஓட்டினால் வருடத்துக்கு 38,000 ரூபாய் போகும். ஏழாயிரத்துக்குப் பயந்து முப்பத்தெட்டாயிரத்தைக் கவனிக்காமல் இருக்கிறீர்கள்.

அந்த நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கிறதே, அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு வரும். வட்டி இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் காட்டுவார்கள், அவ்வளவுதான். 84,000-க்கு, 15 சதவீதக் கணக்கில், உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 6,400. அதற்கான ஜிஎஸ்டி 1,150 உங்கள் தலையில்தான் விழும். பிராசசிங் கட்டணம் தனி. ரொக்கம் நீட்டினால் பேரம் பேசிக் குறைத்திருக்கக்கூடிய இரண்டாயிரமோ மூவாயிரமோ அதுவும் போச்சு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மாதம் 7,000 தவணை முழுசாக மினிமம் டியூவில் ஏறும். 3,800 போய் 10,800 ஆகும். வீட்டுச் செலவு போக உங்கள் கையில் நிற்பது சராசரியாகவே 10,000. ஆடி மாதம் எதைக் கட்டுவீர்கள்?

அதனால் எஃப்டியை உடையுங்கள். இதை எழுதினால் எனக்குத் திட்டு வரும் என்று தெரியும், உங்கள் அம்மாவிடமிருந்தே வரலாம். அந்த ஒரு லட்சம் மாதம் 580 ரூபாய் சம்பாதிக்கிறது. பக்கத்திலேயே கார்டு மாதம் 3,230 தின்கிறது. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ பிடிப்பார்கள், பிடிக்கட்டும். 76,000-ஐ ஒரே தடவையில் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி கொஞ்சம் வரும், அதையும் கட்டுங்கள். மீதம் 24,000 சொச்சம் இருக்கும்.

இனி போர்டு. முதலில் அந்த ஸ்லாட் நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேம் இரண்டையும் கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பிராசசரைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். உங்கள் பிராசசரில் ஊசிக்கால்கள் அதன் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு கால் வளைந்திருந்தாலே ஒரு ஸ்லாட் செத்ததுபோலத் தெரியும். கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் இதே கதை. நல்ல மெக்கானிக் சில நூறு ரூபாயில் சொல்லிவிடுவார்.

போர்டுதான் போயிருக்கிறது என்றால் இன்னொரு பி450 போர்டே வாங்குங்கள், நான்கு ரேம் ஸ்லாட் உள்ளதாக. நான் 7,000 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. "பி450 பழசு, கொஞ்சம் சேர்த்து பி550 எடுங்கள்" என்பார்கள். சாக்கெட் ஒன்றேதான், பிராசசர் கச்சிதமாக உட்காரும். ஆனால் 2600 வரிசையை பி550 ஆதரிப்பதில்லை. வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அப்புறம் பிராசசரும் வாங்க வேண்டியதுதான். வாங்கும் முன் போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலில் 2600 இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். அதே பட்டியலில் அதைவிடப் புதிய ரைசன் 5 5600-உம் இருக்கும். நாளைக்கு வேகம் வேண்டுமென்றால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்து பிராசசரை மட்டும் மாற்றினால் போதும், ரேம் பக்கமே போக வேண்டாம்.

ரேமைப் பற்றிச் சொல்ல மறந்தேன். கடைக்காரர் உங்கள் பழைய ரேமைக் கேட்டாரல்லவா? டிடிஆர்4 தயாரிப்பைக் கம்பெனிகள் குறைத்ததில் அதன் விலையும் 2025-இல் எகிறிவிட்டது. உங்களிடம் இருக்கும் 32 ஜிபியை இன்றைக்குப் புதிதாக வாங்கப் போனால்தான் அதன் அருமை தெரியும். அதையும் போர்டையும் 4,000-க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு 36,000-க்கு அதே 32 ஜிபி வாங்குவது எந்த ஊர் வியாபாரம்? ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 ஏறாது என்பதால்தான் இந்த மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழுகிறது.

18,000-ஆ, 24,000-ஆ என்ற கேள்விக்கே இப்போது இடமில்லை. எப்போதாவது ஏஎம்5-க்குப் போனாலும் உங்கள் வேலைக்கு நடுத்தர போர்டு போதும். கலர் லைட்டும், ஏஐ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்ததும் ஒரு கல்யாண வீடியோவைக்கூடச் சீக்கிரம் ரெண்டர் செய்து தராது. மெமரி விலை இப்படி ஏறுவது முதல் தடவையும் இல்லை. 2017-லும் 2018-லும் ஏறியது, 2019-இல் இறங்கியது. இந்தத் தடவை எப்போது இறங்கினாலும் உங்கள் பிழைப்பு அதுவரை பி450-இல் ஓடும்.

பில்லோடு வாங்குங்கள். பல வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நானூறு ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் ஒரு போர்டு வாங்கினேன். பெட்டியில் மூன்று வருட வாரன்டி என்று போட்டிருந்தது. ஏழாவது மாதம் போர்டு போனது. பில் எங்கே என்றார்கள்.

மச்சான் விஷயம். நீங்கள் அவருக்கு ஃபோன் வாங்கிக் கொடுக்கவில்லை. வருடத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டியில்லாமல் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டை அக்காவும் இருக்கும்போது காட்டுங்கள். வட்டியைக் கேட்க வேண்டாம், உறவு முக்கியம். 52,000-ஐ மாதம் 4,000 வீதம் அம்மாவின் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதின்மூன்று மாதத்தில் முடிந்துவிடும், உடைத்த எஃப்டியில் பாதி திரும்பிவிடும். நீங்கள் இதுவரை கட்டிவந்த 3,800-ஐயும் ஒரு ஆர்டியில் போட்டு வாருங்கள். அடுத்த கம்ப்யூட்டருக்கான பணம் அதில் சேரட்டும்.

லேப்டாப்புக்கு முடியாது என்று நேராகச் சொல்ல உங்களுக்கு வராது, கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் பாக்கியைக் கட்டிய அன்றே வங்கியைக் கூப்பிட்டு கார்டு லிமிட்டை 25,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மச்சான் கேட்டால், "கார்டில் அவ்வளவு லிமிட் இல்லை மச்சான்" என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.