ஓய்வூதியப் பணத்தில் பழைய சுவிஸ் வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 54 வயது, மாதம் 25,000 ராண்ட் சம்பளம். இரண்டு வருடமாகப் பழைய சுவிஸ் வாட்ச்களை வாங்கிச் சேர்க்கிறார்: டிசோ, ரோமர், எனிகார், ஒரு ஒமேகா. இப்போது பென்ஷன் ஃபண்டில் ரிட்டயர் ஆவதற்கு முன்பே எடுக்கக்கூடிய 'சேவிங்ஸ் பாட்' என்ற பகுதியிலிருந்து 30,000 ராண்ட் எடுத்து இன்னும் ஆறேழு வாங்கப் போகிறாராம். "வாட்ச் விலை ஏறும், ரிட்டயர் ஆனதும் விற்றுக்கொள்ளலாம்" என்கிறார். சமீபத்தில் 4,000 ராண்டுக்கு வாங்கிய டிசோவுக்கு சர்வீஸ் மட்டும் 2,200 ஆகும் என்கிறார் வாட்ச் ரிப்பேர்காரர். இதை முதலீடு என்று சொல்லலாமா?

பதில்: சகோதரி, வாட்ச் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். முதலில் அந்த 30,000 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

2024 செப்டம்பர் முதல் இந்த சேவிங்ஸ் பாட் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை பணம் எடுக்கலாம். ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு மேல் வரும் இந்தத் தொகைக்கு வரி 26 சதவீதம். 30,000 எடுத்தால் 7,800 வரியாகப் போய்விடும். ஃபண்ட் எடுக்கும் கட்டணம் தனி. சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித்துறைக்கு) பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதி கொடுப்பார்கள். கைக்கு வருவது 22,200-க்கும் கீழே.

அதே பணத்தைத் தொடாமல் விட்டு, ரிட்டயர் ஆகும்போது மொத்தமாக எடுத்தால் கணக்கே வேறு. இதுவரை பெரிய தொகை எதுவும் எடுக்காதவருக்கு, அப்போது கிடைக்கும் மொத்தத் தொகையில் முதல் 550,000 ராண்டுக்கு வரியே இல்லை. ஃபண்டுக்குள் இருக்கும்வரை அதன் வளர்ச்சிக்கும் வரி கிடையாது. இன்னும் சில வருடம் பொறுத்தால் தப்பிக்கக்கூடிய 7,800-ஐ இன்றே கட்டிவிட்டு வாட்ச் வாங்குகிறார். 22,200-க்கு வாங்கியது 30,000-க்கு விற்றால்தான் அவர் நின்ற இடத்துக்கே திரும்புவார்.

சரி, அப்படி ஏறுமா? அவர் வாங்கும் ரகத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வருவதற்கு முன் சுவிட்சர்லாந்து வருடத்துக்குக் கோடிக்கணக்கில் வாட்ச் செய்து உலகமெங்கும் விற்றது. 1969 டிசம்பரில் சீகோவின் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது; அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் பல சுவிஸ் கம்பெனிகள் மூடின. கம்பெனி போனாலும் அவை செய்த சாவி கொடுக்கும் வாட்ச்கள் இன்னும் அலமாரிகளில் ஏராளமாகக் கிடக்கின்றன. அதனால்தான் மலிவு. ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிற வாட்ச் செய்தியைப் படித்துவிட்டு நம் டிசோவையும் அந்த வரிசையில் வைப்பது வாட்ச் பிரியர்களின் பொதுவான வியாதி.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 4,000-க்கு வாங்கியதற்கு 2,200 சர்வீஸ், அடக்கவிலை 6,200. ஐந்தாறு வருடத்தில் எண்ணெய் காய்ந்து மறுபடியும் கழற்றித் துடைக்க வேண்டும். விற்கப் போனால் கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, அதன்மேல் 15 சதவீத வாட் போடுவார்கள். 3,000 ராண்ட் வாட்ச்சுக்கு 495. கூரியர்காரரின் கட்டணம் இதில் சேராது.

மும்பையிலிருந்து புதுசு போலப் பளபளவென்று வரும் பழைய வாட்ச்களில் பெரும்பாலும் டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள். ஐம்பது வருடப் பழைய டயல் குங்குமச் சிவப்பிலோ மயில் நீலத்திலோ மின்னினால் சந்தேகப்படச் சொல்லுங்கள். எழுத்து கோணலா, அடியில் இருக்க வேண்டிய 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' காணவில்லையா என்று பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் மெஷினின் படத்தை அனுப்பாதவரிடம் வாங்கவே கூடாது.

இதற்காக அவருடைய ஆசையை ஒரேயடியாக அடைக்க வேண்டாம். குதிரைப் பந்தயத்தைவிட இது எவ்வளவோ மேல்! சம்பளத்திலிருந்து மாதம் 500 ராண்ட் ஒதுக்கட்டும். அது செலவுக் கணக்கு, சேமிப்புக் கணக்கு ஆகாது. அதற்குள்ளேயே சர்வீஸும் அடங்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப் பக்கம் போகாமல், ஈடிஏ, யூனிடாஸ் போன்ற பரவலான மெஷின் உள்ள சாதாரண வாட்ச்களாகப் பார்த்தால் உதிரிபாகம் கிடைக்கும், ரிப்பேரும் மலிவு. பின்மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்பி டர்பன் கடற்கரையில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ இறுகிப்போயிருக்கும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வாட்ச்சை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் விற்பதற்கென்றே வாங்கினேன் என்று சொன்னால் சார்ஸ் அதை வியாபார வருமானமாகப் பார்க்கலாம். "முதலீடு" என்ற வாதம் அங்கே அவருக்கு எதிராகவே திரும்பும்.

ஏற்கெனவே இருக்கிற வாட்ச்களுக்கு ஒரு வேலை பாக்கி. வீட்டு இன்ஷூரன்ஸில் இவை கவராகிறதா என்று கேளுங்கள். வெளியே கட்டிக்கொண்டு போகிற ஒமேகாவை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் பொருள்களுக்கான ஆல்-ரிஸ்க்ஸ் பகுதியில் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு ரசீதும், வாட்ச் கூட்டில் பொறித்திருக்கும் எண்ணும், போட்டோவும் தேவைப்படும்.