ஐயா படிக்காமல் போடும் கையெழுத்து

கேள்வி: திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி நோட்டீஸ்களுக்குப் பதில், மேல்முறையீட்டு வாதக் குறிப்பு எல்லாம் நான்தான் தயாரிப்பேன். ஒரு வருடமாக இவற்றை சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறேன். இரண்டு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. இது ஏமாற்று வேலை என்கிறாள் மனைவி. காலத்துக்கேற்ப மாறுவது தவறா? நாளை இந்தக் கருவியே என் வேலையைப் பறித்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஆடிட்டர் ஐயா என்னை மகன் போல நடத்துபவர். சென்ற தையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, நான் நீட்டுவதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். கணினியில் செருகி அவர் பெயரில் கையெழுத்திடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஒன்பது நாளில் ஒரு மேல்முறையீட்டு விசாரணை வருகிறது. அதற்கு நான் தயாரித்த குறிப்பின் நகலை இணைத்திருக்கிறேன். பார்த்தால் தரம் புரியும்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, வேலை போய்விடுமா என்ற கேள்வி எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. எனக்கு ஜோசியம் தெரியாது. கருவியைப் பயன்படுத்துவது தவறா என்றால், தவறில்லை. இவ்விரண்டுக்கும் இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை நிறுத்தியது உங்கள் ஐயாவின் கண். நானும் இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்துக்கொண்டவள்தான். புதுக் கண்ணாடி வந்ததும் மருந்து அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துக் காட்டி, பேரனிடம் பெருமையடித்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை செய்வதே பார்வை தெளிவாக வேண்டும் என்றுதான். ஐயாவுக்கும் சென்ற தையிலேயே முடிந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் அவர் கண் தெரியாமல் படிக்காமல் இருக்கவில்லை. நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நம்பிப் படிக்காமல் இருக்கிறார். அறுவை சிகிச்சையான நாட்களில் நீங்கள் அவருக்குக் கண்ணாக இருந்திருப்பீர்கள். அந்தச் சுகத்தில் மனிதர் அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கண்ணை நீங்கள் இன்னொன்றிடம் கொடுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. ஐயா உங்களை நம்புகிறார், நீங்கள் கருவியை நம்புகிறீர்கள். ஆக, அந்தத் தாளை எந்த மனிதரும் படிக்கவில்லை.

படிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்கிறேன்? நீங்கள் பெருமையோடு இணைத்த நகலை வைத்துத்தான். எனக்கு வரிச் சட்டம் தெரியாது. என் தம்பி மகளும் உங்கள் ஐயாவைப் போல ஆடிட்டர், அதாவது பட்டயக் கணக்காளர். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு அவளிடம் காட்டினேன். உங்கள் வாடிக்கையாளரான சாயப்பட்டறைக்காரர் 2019-20ஆம் ஆண்டின் உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது சரக்கு வாங்கும்போதே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை, கெடு தாண்டி எடுத்தார் என்பது வழக்கு. உங்கள் குறிப்பு நான்கு பக்கத்துக்கு, அந்தக் கெடுவை விதிக்கும் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவைச் சொல்லி, கொரோனா காலம், தயவுசெய்து இரக்கம் காட்டுங்கள் என்று மன்றாடுகிறது. அவள் சிரித்துவிட்டாள். 2024ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் 16(5) என்ற உட்பிரிவையே சேர்த்துவிட்டதாம். 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு, 2021 நவம்பர் 30க்குள் தாக்கல் செய்த படிவத்தில் எடுத்திருந்தால், கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் சலுகையை மறுக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர் 2021 அக்டோபரிலேயே தாக்கல் செய்துவிட்டார் என்று அதே குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சட்டம் உரிமையாகக் கொடுத்ததைப் பிச்சையாகக் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. மேற்கோள் காட்டிய இரண்டு தீர்ப்புகளில் ஒன்று அவளுக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இந்தக் கருவிகள் இல்லாத தீர்ப்பை இருப்பது போல எழுதும் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் போட்ட ஓர் ஆணையிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. தீர்ப்பாயத்துக்கே அந்த நிலைமை.

இன்னொன்று. வாடிக்கையாளரின் பெயர், 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத எனக்கே அப்படியென்றால் அந்தக் கருவிக்கு என்னவெல்லாம் கொடுத்திருப்பீர்கள்? அலுவலகக் கணினிகளில் இந்தக் கருவிகள் வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்குச் சொன்னது, ரகசியம் கருதித்தான். வாடிக்கையாளரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவது தொழில் ஒழுங்கீனம் என்கிறது 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம். அந்தச் சட்டப்படி விசாரணை வந்தால் உங்கள் பெயருக்கு வராது. உறுப்பினர் எண் ஐயாவுடையது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பெயரும் அவருடையது.

மகன் போல என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார் என்றால், வரிக்கு வரி படித்துச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கொடுப்பவன்தான் மகன். படிக்காத தாளை நீட்டுகிறவனை எங்கள் ஊரில் வேறு பெயரில் அழைப்பார்கள். பத்திரிகையில் அதை அச்சிட முடியாது. உங்கள் மனைவி ஏமாற்று வேலை என்றது கருவியை அல்ல, இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உங்களைவிடத் தெளிவு அதிகம்.

நாளைக் காலையில் அந்த டோக்கனை இழுப்பறையிலிருந்து எடுத்து ஐயாவின் மேஜையில் வையுங்கள். கடவுச்சொல்லையும் அவரையே மாற்றச் சொல்லுங்கள். ஒரு வருடமாக எப்படி எழுதி வாங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். திட்டுவார், நின்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எதிரே உட்கார்ந்து குறிப்பை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு தீர்ப்பையும் முழுதாக எடுத்து அவர் முன் வையுங்கள். கிடைக்காததை அடித்துவிடுங்கள். பழைய கோப்புகளில் ஏற்கெனவே அனுப்பிவிட்டவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். சில மாதங்கள் வீட்டுக்குப் போக இரவு ஒன்பது ஆகும். காரணத்தை மனைவியிடம் சொல்லுங்கள், கோபிக்கமாட்டாள்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்றீர்கள். இந்த இதழ் கடைக்கு வருவதற்குள் அது முடிந்துவிடும் என்பதால் இதன் நகலை இன்றே உங்கள் முகவரிக்கு அனுப்புகிறேன். சாயப்பட்டறைக்காரருக்கு 16(5) பற்றி முதலில் போன் செய்து சொல்லுங்கள்.