டெக்னோ-திரில்லர் நாவல்களில் ஒரே அச்சும் ஒரே அரசியலும் வருவது ஏன்?

ஆயுதமும் கருவியும் இயங்கும் விதமே கதையை நகர்த்தினால் அது டெக்னோ-திரில்லர். டாம் கிளான்சியின் 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' (1984) பலருக்கும் அச்சானது: சத்தமில்லாத சோவியத் நீர்மூழ்கியோடு அதன் கேப்டனே அமெரிக்காவின் பக்கம் தாவுகிறார்; நீருக்கடியில் வரும் ஒலியைக் கேட்டுக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் இளைஞன் அதன் தடத்தைப் பிடிக்கிறான்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்க அதிபர் ரீகனே புகழ, விற்பனை எகிறியது. என் பார்வையில் அரசியலும் இந்த வடிவத்திலேயே இருக்கிறது. ஆயுதமே கதாநாயகன் என்றால், அதை ஏந்தும் ராணுவத்தைச் சந்தேகிக்க எங்கே இடம்? தயங்கும் அரசியல்வாதிதான் முட்டுக்கட்டை ஆவார். ஹீரோ ஜெயிப்பார் என்று தெரிந்தே மசாலா படத்துக்கு டிக்கெட் எடுப்பதுபோல, வாசகரும் 'எப்படி' என்பதற்காகவே வாங்குகிறார்.

இத்தனை நுணுக்கம் எழுதியவர் ராணுவ ரகசியம் அறிந்தவர் என்று நினைக்க வேண்டாம்; கிளான்சி ராணுவத்தில் பணியாற்றாத இன்சூரன்ஸ் ஏஜென்ட், எல்லோருக்கும் கிடைக்கும் நூல்களைப் படித்தே எழுதினார்.